நாலு தப்படி

புதுக் கோச்சு நீங்கதானா சார்? ஷூவைப் பாத்துட்டு யாரோ இன்சூரன்ஸுக்கு ஆள் புடிக்க வந்தவருன்னுல்லா நெனச்சேன். பளபளன்னு இருக்கு. இந்தச் செம்மண்ணுக்கு ரெண்டு நாள் தாங்குமான்னு பாப்போம். இப்படி ரோலர் மேல உக்காருங்க. பையன்க வர ஆறரை ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு நான்தான் கதி.

நான் மாசானம். மார்க்கர். கோடு போடுத ஆளு. முப்பத்தொரு வருஷம் இந்தக் காலேஜுல, இந்த ஒரே மைதானம். பிரின்சிபால் ஏழு பேரு மாறியாச்சு. பி.டி. சார் நாலு பேரு மாறியாச்சு. கோடு மட்டும் மாறல. ஒரே ஒரு தடவை மாறிச்சு. அதுலதான் உங்களுக்கு முன்னால கோச்சா இருந்த பிள்ளைக்கு வேலை போச்சு, உங்களுக்கு வேலை வந்துச்சு.

ஆபீஸ்ல என்ன சொன்னாங்க உங்ககிட்ட? சொந்தக் காரணத்தால போயிட்டாங்கன்னா? அதான பாத்தேன். ஆபீஸ்ல என்னைக்கு உண்மையைச் சொல்லியிருக்கான். நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

போன வருஷம் ஆனி மாசம். பி.டி. சார் ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வந்து, மாசானம், இவங்கதான் ஃபுட்பால் டீமுக்குப் புதுக் கோச்சு, ஜெனிலா மேடம்னாரு. நான் அவரு பின்னாடி எட்டிப் பாத்தேன், கோச்சு யாரும் நிக்கானான்னு. யாரும் இல்ல. அந்தப் பிள்ளைதான். இருபத்தெட்டு வயசு. கன்னியாகுமரிப் பக்கம் கடக்கரை ஊரு. தமிழ்நாட்டுக்கு ஆடுன பிள்ளையாம். ஆடியிருக்கலாம். நானும் ஒரு காலத்துல கல்யாண வீட்டுல ஆடியிருக்கேன், அதுக்காக எனக்கு யாரும் வேலை குடுக்கல. தடிமாடு மாதிரி பதினெட்டுப் பயலுவ, அவனுவளை மேய்க்க இந்த நெத்திலி. ஒரு வருஷக் காண்ட்ராக்ட்டு. கப்பு வந்தா அடுத்த வருஷமும் இருக்கலாம், வரலேன்னா பெட்டியைக் கட்டலாம். இது எனக்கு எப்படித் தெரியும்னா, பி.டி. சார் ரகசியம் பேசுதேன்னு சொல்லி இந்த ரோலர் பக்கத்துல நின்னுதான் பேசுவாரு. என்னையும் ரோலர்ல ஒரு பாகம்னு நெனச்சுக்கிடுவாரு போல.

வந்த மொத வாரமே அது என்ன செஞ்சுது தெரியுமா. ஃபுட்பால் ஆடுத பயலுவளைப் பாக்கல. ஓட்டக்காரப் பயலுவளைப் பாத்துக்கிட்டு நின்னுது. நான் லேன் போட்டு வச்சிருக்கேன், நூறு மீட்டரு. மூணாவது லேன்ல இசக்கிராஜா ஓடுதான். சார், நீங்க இன்னும் பாக்கலேல்லா, இன்னைக்குப் பாப்பீங்க. மூணடைப்புப் பக்கத்துப் பையன், அப்பன் செங்கச் சூளையில கல்லு அறுக்குதாரு. இவன் நூறு மீட்டரை பத்து புள்ளி ஒம்பதுல ஓடிட்டு, மூச்சு வாங்காம வந்து எங்கிட்டத் தண்ணி கேப்பான். நான் போட்ட சுண்ணாம்பு அவன் கால்ல ஒட்டாது. அப்படி ஒரு ஓட்டம். அவன் போன பெறவுதான் காத்து போகும்.

அவனைக் கூப்பிட்டு அந்தப் பிள்ளை, தம்பி நீ ரைட் அவுட் ஆடுதியான்னு கேட்டுது. வலது ஓரத்துல நின்னு, வர்ற பந்தை வாங்கிட்டுப் பிச்சுக்கிட்டு ஓடுத எடம். அவனும் சரின்னுட்டான். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது, இல்லேன்னு சொல்லல. மொத மேட்சு, பாலிடெக்னிக் பயலுவளோட. நடுவுல நிக்கத ஆஷிக், மேலப்பாளையத்துப் பையன், நீளமா ஒரு பந்து தூக்கிப் போட்டான். இசக்கி கெளம்புனான் பாருங்க. பந்து ஒரு எடத்துல விழுந்துச்சு, அவன் அதைத் தாண்டி ரொம்பத் தூரம் போயிட்டான். திரும்பிப் பாக்கான், பந்து பின்னால கெடக்கு. நாலு தடவை இப்படி. பாத்துக்கிட்டு நின்ன பயலுவ எல்லாம் சிரிக்கான். எனக்குச் சிரிப்பு வரல சார். பெருமையா இருந்துச்சு. பந்தால அவன்கூட வர முடியலேல்லா.

அந்தப் பிள்ளை அதைப் பாத்துட்டு என்ன சொல்லணும்? ஏலே ஆஷிக், பந்தை இன்னும் தூரமாப் போடுலேன்னு சொல்லணும். மண்டை இருக்கவன் அப்படித்தான் சொல்லுவான். அது இசக்கியைக் கூப்பிட்டு, உனக்கு ஓடத் தெரியுது, நிக்கத் தெரியலன்னுச்சு.

கேட்டீங்களா கூத்தை. ஓடத் தெரியாதவனுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்கலாம். நிக்கத் தெரியலன்னு ஒருத்தனை வையுததை நான் அன்னைக்குத்தான் கேட்டேன். நிக்கதுக்கு எதுக்கு சார் படிப்பு? நம்ம பி.டி. சார் வருஷக் கணக்கா நின்னுக்கிட்டேதான் இருக்காரு, யாரு சொல்லிக் குடுத்தா?

அதுக்குப் பெறவு ரெண்டு மாசம், நம்புவீங்களோ மாட்டீங்களோ, அந்தப் பையனைப் பந்தைத் தொட விடல. அஞ்சு பாய்ச்சல் ஓடு, நில்லு. ஏழு பாய்ச்சல் ஓடு, நில்லு, திரும்பு. முழங்காலை மடக்கு. பாதத்தை இப்படி வை. திரும்பப் போ. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். குதிரையைக் கொண்டாந்து செக்குல கெட்டுன மாதிரி. அவனுக்கும் வெறுத்துப் போச்சு. எங்கிட்ட வந்து, மாமா இது என்ன மாமா பைத்தியக்காரத்தனமா இருக்குன்னான். நான் சொன்னேன், மருமவனே, நீ ஓடப் பொறந்தவன், இந்தப் பேச்செல்லாம் காதுல வாங்காத, மேட்சுல உன் இஷ்டத்துக்கு ஓடுன்னேன். அன்னைக்கு அவன் என்னை அப்படி ஒரு பாசமாப் பாத்தான்.

கோச்சுன்னு ஒருத்தரும் இல்லாமலே ஓடுன பயலுவளை எல்லாம் நான் பாத்திருக்கேன் சார். நாலு வருஷத்துக்கு முந்தி தர்மர்னு ஒரு பையன். இவனை மாதிரியே ஓட்டம். அவனைப் போட்டு யாரும் நில்லு திரும்புன்னு இம்சை பண்ணல. மேட்சு அன்னைக்கு இறக்கி விட்டாங்க, ஓடுனான், ஒரு திருப்பத்துல முழங்கால் மட்டும் போயிட்டு. இப்ப அவன் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல போன் கவர் விக்கான், காலை ஒரு மாதிரி இழுத்து நடப்பான். அது அவன் தலையெழுத்து, அதுக்கு யாரு என்ன செய்ய. அவனைப் பத்தி நான் ஒரு நாள் சொல்லிக்கிட்டு இருக்கேன், இந்தப் பிள்ளை பக்கத்துல வந்து நின்னு, எந்த முழங்கால்னு கேட்டுது. எடதுன்னேன். உள்பக்கமா வெளிப்பக்கமான்னுச்சு. நான் என்ன டாக்டரா?

சரி, அது போகட்டும். எனக்கு வந்த கோவம் எங்கன்னா, என் கோட்டுல கை வச்சுதுல்லா, அங்கதான்.

ஒரு நாள் வந்து, அண்ணே, கிரவுண்டுக்குள்ள எனக்குச் சில குறி போட்டுத் தரணும்னுச்சு. என்ன குறின்னேன். பெருக்கல் குறியாம். பெனால்டி கட்டம் இருக்குல்லா, அதோட முனை, அங்க ஒண்ணு. அதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. வலது ஓரக் கோட்டுல அவன் குதிகாலை வச்சு நிக்க ஒரு குறி. மொத்தம் இருபத்தொண்ணு. இருபத்தொரு பெருக்கல் குறி சார், ஒரு ஃபுட்பால் கிரவுண்டுல. பாக்கதுக்கு ராத்திரி கோழி மேய்ஞ்ச மாதிரி இருக்கும். மெட்ராஸ்லேர்ந்து வந்த ரெஃப்ரி ஒருத்தரு என் கோட்டைப் பாத்துட்டு, ஸ்கேல் வச்சா போட்டீருன்னு கேட்டிருக்காரு. அந்தக் கிரவுண்டு.

போட்டேன். தெனமும் போட்டேன். வேலைன்னு வந்துட்டா மாசானம் இல்லேன்னு சொல்ல மாட்டான். வெறுங்கையால சுண்ணாம்பை அள்ளி, குனிஞ்சு குனிஞ்சு போடுதேன், அது வந்து கையுறை ஒரு ஜோடி நீட்டுது. அண்ணே, கை வெந்திருக்கு பாருங்கன்னு. முப்பத்தொரு வருஷம் வேகாத கை இப்பவா வேகப்போவுதுன்னு நான் வாங்கல. வண்டிமேல வச்சுட்டுப் போயிட்டு. இந்தா, இதுதான் அது. நல்ல ரப்பரு. தூரப் போட மனசு வரல, அவ்வளவுதான்.

அந்த ஏழு கணக்கை மட்டும் உங்களுக்குச் சொல்லிடுதேன், அப்பத்தான் பின்னாடி நடந்தது வெளங்கும். இசக்கி ஓரக் கோட்டுல குதிகாலை வச்சு நிப்பான். ஆஷிக் நடுவுல பந்தை வாங்கித் தலையைத் தூக்குனான்னா, இவன் கெளம்பணும். சாய்வா உள்ள, பெனால்டி கட்டத்து முனையைப் பாத்து. பந்தைப் பாக்கக் கூடாது. எதிராளியைப் பாக்கக் கூடாது. எண்ணணும். ஏழாவது பாய்ச்சல்ல நிக்கணும், திரும்பணும். திரும்புனா பந்து காலுக்கு வரும். ஏன்னா ஆஷிக் அந்தக் கட்டத்து முனைக்குத்தான் அடிப்பான், கண்ணைக் கெட்டி விட்டாலும் அங்கதான் அடிப்பான். அவன் இவனைப் பாக்கதில்ல, இவன் அவனைப் பாக்கதில்ல. புருஷன் பொண்டாட்டி சண்டை போட்ட வீடு மாதிரி. ஆனா சோறு மட்டும் நேரத்துக்கு வந்துரும்.

இப்படியே ஆடி, எப்படியோ ஃபைனலுக்கு வந்துட்டானுவ. எதிராளி எல்லாம் சோப்ளாங்கிப் பயலுவ, அதான். அஞ்சு மேட்சுல இசக்கி ஒம்பது கோலு. அதுல ஒண்ணாவது அவன் முழு ஓட்டம் ஓடிப் போட்டதா? இல்ல. ஏழு பாய்ச்சல், நிப்பு, திரும்பு, அடி. பத்து புள்ளி ஒம்பது ஓடுத பையன், வேட்டி அவிழப் போறவன் மாதிரி அடக்கி அடக்கி ஓடுதான். பாக்கச் சகிக்கல சார்.

ஃபைனலு நம்ம கிரவுண்டுல. தூத்துக்குடிக்காரங்களோட. மொத நாள் சாயங்காலம் எல்லாரும் போன பெறவு நான் ஓரக் கோட்டுல நின்னு பாத்தேன். பையனுக்கு எடம் பத்தலன்னு தோணுச்சு. அவ்வளவு வேகமுள்ளவனுக்கு இது என்ன சந்து. கோட்டுக்கு வெளிய எவ்வளவு தரை சும்மா கெடக்கு. கொஞ்சம் அகலமாப் போட்டுக் குடுத்தா, அவன் இஷ்டத்துக்கு ஓடுவாம்லா.

பாத்துக்கிடுங்க, யாரும் எனக்குச் சொல்லல. என் மண்டையில உதிச்சது. விடியக்காலம் வந்தேன். கயித்தைக் கெட்டுனேன். பழைய கோட்டைத் தொடைச்சு எடுத்துட்டு, நாலு தப்படி வெளிய தள்ளிப் போட்டேன். அரை நேரம் ஆனா பக்கம் மாறும்லா, அதனால அந்தப் பக்கமும் நாலு தப்படி. கார்னர் கொடி நாலையும் புடுங்கி நட்டேன். அந்தக் கோழிக்கால் குறி அத்தனையும் வெளக்குமாத்தால தள்ளி விட்டேன், மேட்சு அன்னைக்கு அது இருக்கக் கூடாதுல்லா. பெனால்டி கட்டம், கோல், அதெல்லாம் இருந்த எடத்துல அப்படியே இருந்துச்சு. ரெஃப்ரி வந்து சுத்திப் பாத்தாரு, தலையை ஆட்டுனாரு. அவருக்கு என்ன தெரியும். பி.டி. சார் வந்தாரு, வெள்ளைவெளேர்னு இருக்கு மாசானம்னாரு. அவருக்குக் கோடு வெள்ளையா இருக்கணும், எங்க இருந்தா என்ன.

அந்தப் பிள்ளைகிட்ட ஏன் சொல்லலன்னா? எதுக்குச் சொல்லணும்? என் கோடு, என் வேலை. அது மட்டும் என்ன, நில்லு திரும்புன்னு சொல்லிக் குடுக்க எங்கிட்டக் கேட்டுதா?

மேட்சு ஆரம்பிச்சுது. ஆஷிக் பந்தை வாங்குனான். இசக்கி கெளம்புனான். நான் கார்னர் கொடிப் பக்கம் சுண்ணாம்பு வண்டிமேல உக்காந்திருக்கேன், நெஞ்சு நெமிர்ந்து இருக்கு. எடம் குடுத்தாச்சு, இனி ஓடுடா மருமவனேன்னு. அவன் என்னடான்னா ஏழு பாய்ச்சல்ல நின்னுட்டான். நின்னு திரும்புதான், பந்து இல்ல. பந்து ரெண்டு பாய்ச்சலுக்கு உள்ள, கட்டத்து முனையில வந்து விழுந்துச்சு. தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் நிதானமா வந்து அதை எடுத்துட்டுப் போயிட்டான். திரும்பவும் அப்படி. திரும்பவும் அப்படி. இசக்கி ஆஷிக்கைப் பாத்துக் கையை விரிக்கான். ஆஷிக் இவனைப் பாத்து, நீ எங்கலே நிக்கேன்னு கத்துதான். அப்படித் தப்புன பந்துலேயே ரெண்டு கோலு வாங்கியாச்சு. அரை நேரத்துல ரெண்டுக்குப் பூஜ்யம்.

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஏழாவதுல எதுக்குலே நிக்கே, மூதி, இன்னும் ரெண்டு ஓடேன்னு. ரெண்டு மாசம் போட்டுப் பழக்கிக் கெடுத்து வச்சிருந்துச்சுல்லா அந்தப் பிள்ளை, அதான் நின்னுட்டான். பழக்காம விட்டிருந்தா நின்னிருப்பானா?

அரை நேரம் விசில் ஊதுனதும் அந்தப் பிள்ளை பயலுவகிட்டப் போகல. நேரா ஓரக் கோட்டுக்கு வந்துச்சு. கோட்டுல குதிகாலை வச்சுது. கட்டத்து முனையைப் பாத்து நடந்துச்சு, வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே. போய்ச் சேந்து அங்கேயே ஒரு நிமிஷம் நின்னுது. தலையைத் திருப்பி என்னைப் பாத்துச்சு. பெறவு எங்கிட்ட வந்துச்சு. கத்தும்னு நெனச்சேன். நானும் பதிலுக்குக் கத்தத் தயாரா வாயில வச்சிருந்தேன். அது ரொம்ப மெதுவா, பக்கத்துல இருக்கவனுக்குக் கூடக் கேக்காத மாதிரிக் கேட்டுது.

"எத்தனை தப்படிண்ணே?"

"நாலு."

"ரெண்டு பக்கமும் சரியா நாலா?"

"மாசானம் போட்டா சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் போட்டே, எதுக்குப் போட்டேன்னு ஒரு வார்த்தை இல்ல. பி.டி. சார்கிட்டப் போகல, ரெஃப்ரிகிட்டப் போகல. பயலுவ நடுவுல போய் இசக்கி தோளைப் புடிச்சு, ஏழு இல்ல, ஒம்பதுன்னுச்சு. வேற எதையும் மாத்தாதே, எண்ணிக்கை மட்டும் ஒம்பதுன்னுச்சு. ஏன்னு அந்தப் பயலும் கேக்கல. மாமா சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பான், அது சொன்னா வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிடுதான். அப்படி மாத்தி வச்சிருந்துச்சு பையனை.

ரெண்டாவது பாதி. ஆஷிக் தலையைத் தூக்குனான். இசக்கி கெளம்புனான். அந்த ரெண்டு பாய்ச்சல் கூடுதலாக் கெடச்சுதா, வேகம் ஏறிட்டு சார். கூட ஓடுன தூத்துக்குடிக்காரன் மண்ணுல வழுக்கி உக்காந்துட்டான். ஒம்பதாவதுல நின்னான். திரும்புனான். பந்து காலுக்கு வந்துச்சு. கோலு. பெறவு ஒண்ணு. கடைசி அஞ்சு நிமிஷத்துல இன்னொண்ணு. மூணுக்கு ரெண்டு. கப்பு நமக்கு. பயலுவ அந்தப் பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனானுவ. கோடு போட்டவன் வண்டியில உக்காந்திருக்கான், அவனை ஒருத்தன் தூக்கல. யாருக்கும் தோணலேல்லா, இந்தப் பையனுக்கு எடம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு.

நெசமான கூத்து பெறவுதான். தோத்தவன் சும்மா இருப்பானா? டேப்பு வச்சு அளந்து, போட்டோ எடுத்து, நோட்டீஸ்ல போட்ட அகலம் வேற, கிரவுண்டுல இருந்த அகலம் வேறன்னு போட்டி நடத்துதவங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டான். சட்டப்படி அந்த அகலமும் செல்லுமாம், அதனால கப்பு போகல. ஆனா சொல்லாம மாத்துனது தப்பு, யாரு மாத்துனது, நடவடிக்கை எடுத்து எழுதி அனுப்புன்னு காலேஜுக்குக் காயிதம் வந்துட்டு.

அப்ப எனக்கு ரிட்டயர்டு ஆக பதினோரு மாசம். ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு எம்மேல, விளையாட்டு விழா அன்னைக்கு சுண்ணாம்பு வண்டியை வி.ஐ.பி. நாக்காலிப் பக்கம் விட்டுட்டேன்னு. இன்னொரு மெமோ வந்தா பென்ஷன் இழுத்துக்கிடும்னு ஆபீஸ் கிளார்க்கு வேற காதுல ஓதிட்டான். இது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் தெனமும் சொல்லிக்கிட்டு இருப்பேனே, இன்னும் இத்தனை மாசம், இன்னும் இத்தனை நாளுன்னு.

பிரின்சிபால் ரூம்ல விசாரணை. மொதல்ல அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல. கதவு பாதி தெறந்துதான் கெடந்துச்சு. யாரு மாத்துனதுன்னு பிரின்சிபால் கேட்டாரு. அது கொஞ்சங்கூடத் தயங்கல சார். "நான்தான் சார் மாசானண்ணன்கிட்டப் போடச் சொன்னேன். எங்க ரைட் அவுட்டுக்கு எடம் வேணும்னு நெனச்சேன். தகவல் குடுக்காதது என் தப்பு."

கேட்டீங்களா? எடம் வேணும்னு இது நெனச்சுதாம். என் மண்டையில உதிச்சதைப் பட்டப்பகல்ல, நான் அந்தக் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சே, எடுத்துத் தன் பேருல போட்டுக்கிட்டுது. முப்பத்தொரு வருஷத்துல மாசானம் சொந்தமா ஒரே ஒரு யோசனை பண்ணுனான். கப்பு வாங்கிக் குடுத்த யோசனை. அதையும் ஒருத்தி வந்து வாரிக்கிட்டுப் போயிட்டா. எனக்கு ரத்தம் கொதிச்சுது. உள்ள போய் உண்மையைப் போட்டு ஒடைச்சிருக்கணும்.

அடுத்து என்னைத்தான் கூப்பிட்டாங்க. மேடம் சொல்லித்தான் போட்டியா மாசானம்னு கேட்டாரு. அந்தப் பிள்ளை அங்கேயே நிக்கி. தரையைப் பாத்துக்கிட்டு நிக்கி. நான் யோசிச்சேன். பெரிய மனுசங்க இத்தனை பேரு முன்னாடி, ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பொய்க்காரின்னு ஆக்கலாமா? நமக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு. அதான், ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். அதோட மானத்தைக் காப்பாத்தி விட்டேன்னு வச்சுக்கிடுங்களேன். இதை நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டதில்ல.

காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கல. கப்பு ஒரு பக்கம் அலமாரியில இருக்கு, அந்தப் பிள்ளை ஒரு பக்கம் பஸ் ஏறிட்டு. போற அன்னைக்குச் சாவி குடுக்க வந்துச்சு. கொள்ளையடிச்ச யோசனைக்கு ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கிடுங்கண்ணேன்னு சொல்லும்னு பாத்தேன். எங்க. அண்ணே, கண்ணுல சுண்ணாம்பு பட்டாத் தேய்க்காதீங்க, தண்ணி ஊத்துங்கன்னுச்சு. பெறவு, கோட்டை உள்ள இழுத்துராதீங்க, அடுத்த நோட்டீஸ்ல இந்த அகலத்தையே போடச் சொல்லுங்க, இசக்கிக்கு ஒம்பது பழகிட்டுன்னுச்சு. பாத்தீங்களா, கடைசியில அதுவே ஒத்துக்கிட்டுது, மாசானம் போட்ட கோடுதான் சரின்னு. வாய் தெறந்து பாராட்ட மட்டும் மனசு இல்ல.

இசக்கிப் பயல் இப்ப எங்கிட்டப் பேசுததில்ல. தண்ணி கூடக் கொழாயில போய்க் குடிச்சுக்கிடுதான். எதுக்குன்னு எனக்குத் தெரியல. வயசுப் பயலுவ, கூறு கெட்டவனுவ. மாமா மாமான்னு சுத்துன பயல். பிரின்சிபால் ரூம் வாசல்ல அன்னைக்கு அவனும்தான் நின்னுக்கிட்டு இருந்தான்.

அந்தா, கேட்டுப் பக்கம் சைக்கிள் வருது, அவன்தான். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு எங்க போறீங்க? அதுவா? அது பெருக்கல் குறிதான் சார். இன்னைக்குப் போட்டதுதான், இன்னும் ஈரம் காயல. யாரு போடச் சொன்னான்னா? யாரும் சொல்லல. அந்தப் பிள்ளை போயி மூணு மாசமாச்சு, யாரு வந்து சொல்லப் போறா. விடியக்காலம் கை பாட்டுக்குப் போடுது. இருபத்தொண்ணும் போட்டாத்தான் வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னாச் சொல்லுங்க, வெளக்குமாறு இங்கதான் இருக்கு, ஒரு நிமிஷத்துல தள்ளிருவேன். எனக்கு ஒண்ணும் நட்டமில்ல.

என்ன சார், நீங்களும் கோட்டுல குதிகாலை வைக்கீங்க. ஷூவெல்லாம் சுண்ணாம்பு ஆகப் போவுது. அடப் பாவமே, எண்ணவும் ஆரம்பிச்சாச்சா. உங்க கூட்டமே இப்படித்தானா?

அங்க இல்ல சார். ஏழுல நிக்காதீங்க, அது பழைய கணக்கு. இன்னும் ரெண்டு. முழங்காலை மடக்கி நில்லுங்க, வெறைப்பா நின்னா உள்பக்கம் போயிரும். ஆங். இப்பத் திரும்புங்க.